கிரேன் ரிமோட்டுக்கு அறுபது மில்லியாம்பியர்

திருவொற்றியூர் இரும்புத் தகடு யார்டில் கருவி அறை தேவப்பிரியத்தின் பொறுப்பு. ராயபுரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவாள். வந்ததிலிருந்து ஸ்பேனர், கையுறை, சங்கிலி என்று எடுத்துக் கொடுத்தே பொழுது போய்விடும். தலைக்கு மேல் ஓடித் தகடு தூக்கும் கிரேனை இயக்கும் ரிமோட் பெட்டியின் பேட்டரிகளும் அவள் தலையில்தான்.

கிரேன் ஓட்டுபவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி அது. அதற்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜரில் கிடக்கும். அறுநூறு மில்லியாம்பியர்-மணி என்று போட்ட பேட்டரிக்கு அறுபது மில்லியாம்பியர்தான் ஏற்றலாம். நிரம்பப் பதினாலு மணி நேரம் பிடிக்கும். எலெக்ட்ரீஷியன் ஹென்றி சொன்னதை அவளே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். யாரும் படிப்பதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலத்தில், ஒரு பேட்டரி செத்துப்போனது. புதியது கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பதிலே இல்லை. மிச்சமிருந்ததை அரைகுறையாக ஏற்றி ஏற்றி ஓட்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதுவும் படுத்துவிட்டது. வாசலில் இரண்டு லாரிகள் நின்றன.

சூப்பர்வைசர் லட்சுமணன் எங்கிருந்தோ வேறொரு சார்ஜரைக் கொண்டுவந்தார்.

"ஒரு மணி நேரத்துல ஏறிடும். பெட்டியிலயே நேரா சொருகும்மா."

"இது ஒன்றரை ஆம்பியர் தள்ளும் சார். உள்ள கீற ஒயரு முடி மாதிரி கீது. பேட்டரியும் சூடு தாங்காது."

"நீ இன்னா இன்ஜினியரா?"

அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. ஒதுங்கி நின்றாள். அவரே சொருகினார்.

இருபது நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தாள். பெட்டி இஸ்திரிப் பெட்டிபோலக் கொதித்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிளக்கைப் பிடுங்கினாள். லட்சுமணன் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாரு, வேலை செய்யுது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரேன் பக்கம் நடந்தார்.

தேவப்பிரியம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பின்னாலேயே போனாள். கிரேன் ஓட்டும் எத்திராஜ் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எத்திராஜி, கட்டாத. உள்ள உருகிக்கீது. தகடு மேல போனப்பறம் நிறுத்துற பட்டன் கேக்கலன்னா இன்னா பண்ணுவ?"

எத்திராஜ் இருவரையும் பார்த்தான். மெதுவாகப் பெல்ட்டைக் கழற்றினான்.

"நம்மால ஆவாது சார். அக்கா சொல்றது நாயம்."

ஹென்றி வந்து பெட்டியைத் திறந்தார். பேட்டரி உப்பியிருந்தது. சார்ஜ் ஒயரின் தோல் உருகி, நிறுத்தும் பட்டனின் ஒயரோடு ஒட்டிக் கிடந்தது.

மறுநாள் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் அவளுக்குத்தான் வந்தது. அதை இரண்டு தடவை படித்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. "வேண்டாம் என்று சொன்னேன். முதலிலேயே பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், செய்யவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே தன் கையெழுத்தையும் போட்டார் ஹென்றி, எத்திராஜும் போட்டான். அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பது நாள் சங்கிலிக் கப்பியால் கையாலேயே தகடு தூக்கினார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் புதுப் பெட்டியும் மூன்று பேட்டரிகளும் வந்தன. நாலு மணிக்கு முதல் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள்.

வாசலில் லட்சுமணன் நின்றார். "எப்பம்மா கிடைக்கும்?"

"காலைல ஆறு மணிக்கு சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் வைத்தாள்.