அரைத் தம்ளர்

ஜூலை, முதல் ஞாயிறு. இடம், மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீடு. மாலை ஐந்து மணிக்கு விருந்தினர் மூவர் வந்தனர். ஐந்து பத்துக்குக் காப்பி கொடுக்கப்பட்டது. ஐந்து நாற்பதுக்கு மூவரும் விடைபெற எழுந்தனர். என் மனைவி மறைந்தபின் நடந்த முதல் கூட்டம் இது. வெளியே மழை.

பதினைந்து ஆண்டுகளாக மாதத்தின் முதல் ஞாயிறன்று அவள் சிலரை அழைத்துப் பேசவைத்தாள். வேறெங்கும் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பில்லாதவர்களாகப் பார்த்து அழைப்பாள். வந்தவர்கள் வேலையையும் விலைவாசியையும் தாண்டி, வீட்டில்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஓரமாக அமர்ந்து அவர்கள் சொல்லும் ஆண்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் திருத்துவேன். ஒரு முறை நானே நடத்திப் பார்ப்பது, இயலாவிட்டால் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். நிறுத்தினால் அவள் உண்டாக்கியதில் எதுவும் மிஞ்சாது.

ஆகவே ஆயத்தங்களில் குறை வைக்கவில்லை. 'நகர வாழ்வில் அண்டை அயல்' என்ற பொருளில் ஆறு கேள்விகளைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். பெரிய தம்ளர்களில் விளிம்புவரை காப்பி நிரப்பினேன். அவள் காலத்திலும் வந்துகொண்டிருந்த அந்த மூவரும் தேர்வு எழுதுபவர்கள்போலத் தாளைப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"கிளம்பறேன் அங்கிள், தாணேல வண்டி மாறணும்" என்றாள் ஐரோலியில் கணினி வேலை பார்க்கும் பெண். எதிர்வீட்டு அம்மாள் குடையைத் தேடினார். அஸர் தொழுதுவிட்டு தாராவியிலிருந்து வந்திருந்த தோல்பைப் பட்டறைக்காரர் மட்டும் வாசலருகே தயங்கினார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கக் கூடாது."

"சொல்லுங்கள்."

"அக்கா அரைத் தம்ளர்தான் தருவாவ. மிச்சத்த வாங்கணும்னுதான் நாங்க உக்காந்து கெடப்போம். நீங்க நெறய ஊத்தி அனுப்பிச்சு வச்சிட்டிய."

"ஆமா அங்கிள்! ரெண்டாவது தடவை ஊத்தும்போது ஆன்ட்டி ஒரு கேள்வி கேப்பாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும். அவ்ளோதான், அப்புறம் யாரு ட்ரெயினைப் பாக்கறது?"

நான் நாற்காலியில் அமர்ந்தேன். அந்த அரைத் தம்ளரைச் சிக்கனம் என்றே கருதியிருந்தேன். ஒரு ஞாயிறன்று, எல்லோர் முன்னிலையிலும், "எங்கள் வீட்டில் காப்பிக்கும் ரேஷன்" என்று சொல்லியும் இருக்கிறேன். அவள் அடுத்தவருக்குக் காப்பி ஊற்றப் போனாள்.

பட்டறைக்காரர் என் அனுமதிக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போனார். மீதி டிகாக்ஷனில் பால் கலந்து, நான்கு சிறிய தம்ளர்களில் பாதியளவு கொண்டுவந்தார். என்னுடையதைக் கொடுக்கும்போது குனிந்து கேட்டார்:

"சார், அக்காட்ட சொல்லாம விட்டது ஏதும் இருக்கா?"

பதினைந்து ஆண்டுகளில் அந்த அறையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. ரேஷன் என்று சொன்னதை நினைவுபடுத்தி, அதற்காக அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை என்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் குடையைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நானும்தான் இருந்தேன். ஏண்டி, காரணத்தை அவர்கிட்ட சொல்லிடேன்னேன். 'வேண்டாம், தெரிஞ்சா அதைப் பத்தியும் ஒரு மணிநேரம் லெக்சர் பண்ணுவார்'னா உங்காத்துக்காரி."

ஐரோலிப் பெண் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். பிறகு நானும் சிரித்தேன். தாணே வண்டியைப் பற்றி ஏழரை மணிவரை யாரும் பேசவில்லை.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

பெரிய தம்ளர்களைப் பரணில் ஏற்றுவது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறுக்கு அழைப்புச் சொல்வது.

பட்டறைக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி யோசிப்பது. தட்டச்சு செய்யாமல்.

நான் ரேஷன் என்று சொன்ன அன்று உடனிருந்த மற்ற இருவரையும் கண்டு, அரைத் தம்ளரின் காரணத்தைச் சொல்வது. ஒருவர் வடாலாவில் இருக்கிறார், ஒருவர் பாண்டுப்பில்.