கள ஆய்வும் வேலியில் ஒரு ஓட்டையும்

சமாதானம் வந்ததால் எனக்கு ஏற்பட்ட ஒரே நட்டத்தைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முறையிட்டதில்லை. முறையிட்டால் அடிக்க வருவார்கள். போரில் மூடிய பாதை திறந்தது, சாமான் வந்தது, எல்லாரும் சந்தோசப்பட்டார்கள், நானும் பட்டேன். ஆனால் எங்கள் கந்தோர்க்காரர்களின் பின்னேரக் கள்ளை முடித்து வைத்தது அந்தச் சமாதானம்தான். இதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து இரண்டில் நான் கிளிநொச்சியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் லிகிதர், கோவை எழுதும் வேலை. மனைவி யாழ்ப்பாணத்தில் ரீச்சர். அவருக்கும் இடமாற்றம் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. நான் ஒரு வாடகை அறையில் இருந்தேன்: ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அரிக்கன் லாம்பு. பகல் எப்படியோ ஓடிவிடும். நாலேகாலுக்குக் கந்தோர் பூட்டினால் இருட்டும்வரை என்ன செய்வது என்றுதான் தெரியாது. முதல் கிழமை அறைச் சுவரோடு கதைத்தேன். சுவர் பதில் சொல்லத் தொடங்குமுன் என்னைக் காப்பாற்றியது பின்தெருவில் இருந்த கள்ளுத் தவறணை.

கூட்டிப் போனவர் பிரதம லிகிதர். "வாரும், கள ஆய்வுக்குப் போவம்" என்றார். நானும் கொப்பி பேனையோடு புறப்பட்டேன். வாசலில் நின்ற சாரதியும் படவரைஞரும் என் கொப்பியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிரதம லிகிதர் பொய் சொல்லவில்லை. 'கள்' என்பதில் ஒரு புள்ளியை மட்டும் விட்டிருந்தார். அவர் வீட்டில் அந்தப் புள்ளி கடைசிவரை பிடிபடவில்லை. "பாவம், ஒவ்வொரு நாளும் வயல்வழிய அலையிறார்" என்று அவருடைய மனைவி என்னிடமே இரக்கப்பட்டிருக்கிறார்.

பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடித்தோம் என்று எழுத ஆசைதான். எங்களுக்குக் கிடைத்தது கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் கோப்பை. ஆளுக்கு ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் கதை.

ஐந்தாவது ஆள் குடிக்காதவர். களஞ்சியப் பொறுப்பாளர், முல்லைத்தீவு முஸ்லிம். தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு, குடும்பத்தை அங்கேயே விட்டுத் தனியாகத் திரும்பி வந்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, அவர்கள் வழக்கில் அண்ணன். தவறணையின் ஓலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தேநீர்க் கடை இருந்தது. நானா அந்தக் கடையின் மர வாங்கில் வேலியோடு முதுகைச் சாய்த்து இருப்பார், நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் இருப்போம். "நான் ரீக்கடையில இருக்கிறன். பக்கத்தில ஆர் என்ன குடிக்கினம் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்பார்.

சாரதி ஒரு நாள் வேலியில் ஒரு கிடுகை விலக்கி ஓட்டை போட்டார். அதற்குப் பிறகு சூடான வடை பேப்பரில் சுற்றி அதற்குள்ளால் வரும். கதையும் வரும். பிரதம லிகிதர் தான் ஒரு முறை ஆனையிறவில் யானை கண்டதாக இந்தப் பக்கம் சொல்ல, "போன மாசம் அது மாடு" என்று அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வரும். ஆறு மணிக்கு, "தொழுகைக்கு நேரமாச்சு, எழும்புங்கோ" என்பார் நானா. நாங்களும் எழும்புவோம். அந்தப் புண்ணியத்தில் எங்களில் ஒருவரும் ஒரு நாளும் தள்ளாடவில்லை.

பிறகுதான் சமாதானம் தன் வேலையைக் காட்டியது. முதலில் போனவர் சாரதி. திறந்த பாதையால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் வந்து குவிந்தன. பின்னேரத்தில் ஓட ஆள் கேட்டார்கள். அவர் குளிர்சாதன வாகனத்தில் எங்களைக் கடந்து போகும்போது கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. குளிர் போய்விடுமாம்.

அடுத்தது பிரதம லிகிதர். லண்டனில் இருந்து மருமகன் வந்தார். அங்கேயும் கந்தோர் முடிந்தால் எல்லாரும் சேர்ந்து குடிக்கத்தான் போவார்களாம், இப்போது இளசுகள் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உடற்பயிற்சி செய்கிறார்களாம். "வெள்ளைக்காரனே விட்டிட்டான் ஐசே" என்றார் பிரதம லிகிதர், ஏதோ அரசாங்கச் சுற்றுநிருபம் வந்தது மாதிரி. மறுநாள் பின்னேரம் மருமகன் கொண்டுவந்த வெள்ளைச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் கைவீசி நடந்தார். மாடுகள் மிரண்டன. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குக் கோவை கொடுக்காமல் விட்டேன்.

மிஞ்சிய படவரைஞருக்குக் கனடாவில் பெண் பேசி முற்றாக்கினார்கள். பெண் வேலைக்குப் போகமுன் தொலைபேசியில் கூப்பிடுவார், அது இங்கே பின்னேரம். நாலரைக்கெல்லாம் அவர் தொலைபேசிக் கடை வாசலில் தலை வாரி இழுத்துக்கொண்டு நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வடையையும் பெண்ணையும் தராசில் வைத்தால் எது தாழும் என்று எனக்கும் தெரியும்.

அடுத்த நாள் நான் தனியாகப் போனேன். தவறணைக்காரர், "மற்றாக்கள் எங்கை?" என்று கேட்டார்.

"கூட்டம் ஒத்திவைப்பு" என்றேன்.

கள் புளித்தது. இனி நாலேகாலுக்கு அறைதான், லாம்புதான், சுவர்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்தேன். வேலி ஓட்டைக்குள்ளால் பார்க்கவும் மனம் துணியவில்லை. நானா பிரதம லிகிதரின் புளுகைக் கேட்க வருகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். புளுகுகிறவரே சப்பாத்துப் போட்டு நடக்கப் போன பிறகு நானாவுக்கு இங்கே என்ன வேலை? எட்டிப் பார்த்து, அந்த வாங்கும் வெறுமையாய் இருந்தால்?

கோப்பையை வைத்துவிட்டு எழும்பப் போனேன். ஓட்டைக்குள்ளால் பேப்பர் சுற்றிய வடை வந்தது.

"தம்பி, உயிரோட இருக்கிறியளோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை."

"நானா, எல்லாரும் விட்டிட்டினம். நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"நான் என்ன குடிக்கவே வந்தனான், அவையள் விட்டதும் நானும் விட? எனக்கும் அறைதான் தம்பி. எனக்கும் நாலேகாலுக்குத்தான் கந்தோர் பூட்டுறது."

இரண்டு வருசமாக இது எனக்குத் தோன்றவேயில்லை. என் தனிமையைப் பற்றி அந்த ஓட்டைக்குள்ளால் எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! புத்தளத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அரைக் கோப்பைக் கள்ளை அப்படியே விட்டுவிட்டு, படலையால் வெளியேறி, வேலியைச் சுற்றிப் போய் அந்த வாங்கில் இருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

"கந்தோரில கோவையைப் பாத்துக் கதைப்பியள், இஞ்ச வேலியைப் பாத்துக் கதைப்பியள். இண்டைக்குத்தான் என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறியள்" என்றார்.

"எப்பிடி இருக்கு?"

"வேலி பரவாயில்லைப் போல கிடக்கு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பிளேன்ரீ சொன்னேன். பிள்ளைகள் மூன்று பேர், கடைசி மகளுக்கு முல்லைத்தீவுக் கடல் தெரியாது என்றார். ஆறு மணிக்கு வழக்கம்போல எழும்பினார். சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"நாளைக்கும் கள ஆய்வு இருக்கோ, தம்பி?"

குரலில் பகிடி இல்லை.

"இருக்கு நானா" என்றேன்.