கவராயத்துக்கு ஏசி ஆகாது

அவருக்கு ஊரில் பெயர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். அந்த வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும் மிதிக்க வேண்டியது. மாஸ்டருக்கோ சாலையில் எதிர்ப்படும் எல்லாமே ஆபத்து. தொலைவில் சைக்கிள் தெரிந்தால் மிதிப்பார். காற்றில் காகிதம் பறந்தால் மிதிப்பார். மிதித்துவிட்டு, "பாத்து ஓட்டக் கூடாதா?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துவார். இத்தனை வருட மிதியில் ஒரு கெண்டைக்கால் பருத்துப்போய், பேன்ட் தைக்கிறவர் அவருக்கு இரண்டு காலையும் தனித்தனியாக அளவெடுத்தார். வீட்டில் டிவியில் கார் துரத்தும் காட்சி வந்தாலும் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார். அந்த இடத்தில் ஓடு விரிசல் விட்டிருந்தது.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாஸ்டரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் வீட்டின் பின்பக்கம் ஒரு கோழி வளர்த்தார். அது அடைகாத்த முட்டைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பொரிந்துவிட்டன. தாய்க்கோழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொரிந்தவற்றைக் கூட்டிக்கொண்டு மேயப் போய்விட்டது. டீச்சர் மிச்சமிருந்த முட்டையை எடுத்து, அட்டைப் பெட்டியில் வழவழப்பான காலண்டர் தாளை விரித்து வைத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். மறுநாள் குஞ்சு வெளியே வந்தது. வந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. கால்கள் ஆளுக்கொரு திசையில் விரிந்துகிடக்க, வயிற்றைத் தாளில் ஒட்டிக்கொண்டு கத்தியது.

"ஏங்க, இங்க வாங்க. இது நூத்தியெண்பது டிகிரியில நிக்குது."

"நிக்குதா, படுத்திருக்கா?"

"அதுக்கே தெரியல பாவம். வட்டம் போடற கவராயத்தை முழுசா விரிச்ச மாதிரி இருக்கு."

கவராயம் என்ற பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

டீச்சர் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். "வழுக்குற தாள் மேல வெச்சீங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் அவர். "கால் நழுவி நழுவிப் பரந்திருக்கும். ரெண்டு காலையும் பிளாஸ்திரி போட்டு இணைங்க. டம்ளர்ல துணி சுத்தி நிக்க வைங்க. கதகதப்பு குறையக் கூடாது. அப்பப்ப தண்ணியும் தீனியும் காட்டுங்க. கொஞ்ச நாள்ல நிமிந்துரும்."

அப்பப்ப யார் காட்டுவது என்பதில் வீட்டில் வழக்கு வந்தது.

"நான் இதைக் கிளாசுக்கு எடுத்துட்டுப் போனா பசங்க கணக்கைப் பாக்க மாட்டாங்க. இப்பவே பாக்கறதில்ல. நீங்கதான் நாள் பூரா சும்மா உக்காந்திருக்கீங்க" என்றார் டீச்சர்.

"சும்மாவா? உயிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"இன்னொரு கையில இதையும் பிடிச்சுக்குங்க."

வண்டியில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் கவராயத்தின் டம்ளர் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு முதல் வகுப்பு பல் டாக்டரம்மாவுக்கு. ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். கடைவாய்ப் பல்லைக் கண் இமைக்காமல் பிடுங்குகிறவருக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை நடுங்கும். ஏறி உட்கார்ந்ததுமே வியர்த்துக்கொட்டியது.

"மாஸ்டர், ஏசி ஓடலையா?"

"ஓடும். கவராயத்துக்கு ஆகாது."

அது வண்டியின் ஏதோ பாகம் என்று நினைத்துக்கொண்டார் டாக்டரம்மா. "அது எங்க இருக்கு மாஸ்டர், எஞ்சின் பக்கமா?"

டம்ளர் கீச்சென்றது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"இதுக்குக் கட்டுப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றார் மாஸ்டர், கொஞ்சம் பெருமையாக.

"ரெண்டு காலையும் ஒட்டியே வெச்சுட்டீங்க. நாம அப்படியா நிக்கிறோம்? நடுவுல இடம் வேணாமா?"

கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியும் பிளாஸ்திரியும் எடுத்தார். பழைய கட்டைப் பிரித்து, கால்களுக்கு இடையே விரல் அகலம் விட்டு, விலங்கு பூட்டுவதுபோல இணைத்தார். கையில் நடுக்கம் என்பதே இல்லை. கட்டி முடித்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அது திரும்பி வந்தது.

கடைத்தெருவைத் தாண்டும்போது சந்திலிருந்து ஒரு பால் வண்டி மூக்கை நீட்டியது. மாஸ்டரின் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. வாயும் திறந்துகொண்டது.

"மிதிக்காதீங்க மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க. நீங்க மிதிச்சா செத்துரும்."

கால் அந்தரத்தில் நின்றது. வாயும் திறந்தபடி நின்றது. பால் வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ யாரு மிதிக்கிறது?" என்று கிசுகிசுத்தார் மாஸ்டர்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். தன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதை அப்போதுதான் கவனித்தவர்போல, மெல்ல அழுத்தினார். வண்டி அலுங்காமல் நின்றது. கவராயம் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. பேயறைந்த மாதிரி இருவரும் உட்கார்ந்திருக்க, பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சத்தம் போடாதய்யா, புள்ளை தூங்குது" என்றார் மாஸ்டர். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து வண்டியில் கத்தல் கிடையாது. திட்டாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே தாலாட்டுப் பாடுகிற குரலில் திட்டினார். "பாத்து... ஓட்டக்... கூடாதா..." கத்தலுக்குப் பழகிப்போயிருந்தவர்கள் இதைக் கேட்டுத்தான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்கள். மிதிக்கிற காலைச் சம்மணம் போட்டு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, கவராயத்தின் அலகைத் தொட்டு நனைத்தார். முன்பெல்லாம் சிக்னலைச் சபித்தவர், இப்போது பச்சை விழுந்தால் முகம் சுளித்தார்.

ஒரு நாள் அப்படி நின்றபோது டம்ளரிலிருந்து எடுத்துத் தன் மடியில் விரித்த துண்டில் விட்டார். கவராயம் ஆடியது, அசைந்தது, எழுந்தது. இரண்டு எட்டு வைத்து முகம் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது. மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் பைக்கில் இருந்த ஆளிடம், "நடந்துருச்சுங்க" என்றார்.

"யாரு?"

"நம்ம புள்ளை."

"ரொம்ப சந்தோசம். எத்தனை மாசம்?"

"மாசம் எல்லாம் இல்லீங்க. போன செவ்வாய்க்கிழமை பொறந்தது."

பைக்காரர் பச்சை விழுந்தும் அங்கேயே நின்றார்.

கட்டைப் பிரித்தபிறகு கவராயம் வண்டிக்குள் தாராளமாக நடந்தது. அதற்குள் டாக்டரம்மாவுக்கு நாலாவது தேர்வு வந்துவிட்டது. தேர்வில் மாஸ்டரின் இடத்தில் அதிகாரி உட்காருவார். மாஸ்டர் வெளியே நிற்க வேண்டும்.

"கவராயத்தை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஐயோ வேணாம். அது இல்லாம எனக்கு ஓட்ட வராது."

அதிகாரி கடுகடுப்பான மனிதர். "வண்டியில கோழிக்குஞ்சு இருக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இருக்கிற மாதிரி தெரியல" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு ஏறினார். வண்டி நகர்ந்ததும் கவராயம் அவர் மடிமேல் ஏறி, பேனா பிடித்த கையின் உள்ளங்கைச் சூட்டில் ஒடுங்கி உறங்கிவிட்டது. அதிகாரியால் எழுதவும் முடியவில்லை, கையை அசைக்கவும் மனம் வரவில்லை. "அந்த வளைவுல மெதுவாப் போங்க" என்றார். "இங்க பள்ளம். பாத்து."

மாஸ்டர் மைதான ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் மண்ணை மிதித்தார். அவர் நின்ற இடத்தில் ஒரு குழி விழுந்தது.

வண்டி திரும்பி வந்து நின்றது. "கடைசி வரைக்கும் கண்ணையே திறக்கல. பாஸ்" என்றார் அதிகாரி. இறங்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

கவராயம் பெட்டையாக வளர்ந்தது. ஒரு கால் மட்டும் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஓடுவதற்கு அது தடையாக இல்லை. டீச்சர் அதைக் கூண்டில் விட்டுப் பார்த்தார். மற்றக் கோழிகளைக் கண்டால், இவர்களெல்லாம் யார் என்பதுபோல ஒதுங்கி நின்றது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் பறந்து வந்து ஏறிக்கொண்டது. மாஸ்டரும் விரட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த பாங்க் குமாஸ்தா, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னார் மாஸ்டர். குமாஸ்தா ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். கவராயம் தன் முதல் முட்டையை அந்த இருக்கையில்தான் இட்டிருந்தது.

"பாத்து உக்காரக் கூடாதா?" என்றார் மாஸ்டர்.

"பாடப் புஸ்தகத்துல கண்ணாடி பாரு, பெல்ட் போடுன்னுதான் மாஸ்டர் இருக்கு. முட்டை இருக்கான்னு பாருன்னு எங்கயும் போடலயே."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அவர் சொன்னதும் சரிதான். அன்றைக்கு வகுப்பை ரத்து செய்துவிட்டு, அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தன்னுடைய பேன்ட் ஒன்றைக் கொடுத்தார். ஒரு கால் இறுக்கமாகவும் ஒரு கால் தொளதொளவென்றும் இருந்த அதைப் போட்டுக்கொண்டு, குமாஸ்தா பாங்குக்குப் போய்ச் சேர்ந்தார்.