தூங்கவிடாமல் சொன்ன கதை

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருநாள் சிறுகதையின் கூறுகளை நடத்துவேன். மாந்தர், களம், சிக்கல், உச்சம், முடிவு. கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, கோடு போட்டு, எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுவேன். இரண்டு மூன்று கதைகள் பத்திரிகையில் வந்துவிட்ட திமிர் அது. கேட்பவனைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல்கூட இருக்காது.

அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன என் அண்ணன் கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தான். நல்ல பாம்பு. படமெடுத்ததை அவனே பார்த்திருக்கிறான். அண்ணி தென்னேரியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பக்கத்து நிலத்துக்கார மாமா, நெல் மூட்டை ஏற்றும் தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின்னால் தார்ப்பாயை விரித்து அண்ணனைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில் இருந்தது.

"தூங்க மட்டும் வுடாத. கண்ண மூடுனா விஷம் தலைக்கு ஏறிடும். எதனா பேசிக்கினே இரு" என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தவரைத் தூங்கவிட மாட்டார்கள். சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், திட்டுவார்கள், கிள்ளுவார்கள். படித்தவள்தான், நானும் அதை அப்படியே நம்பினேன்.

"அண்ணா, ஒரு கத சொல்றேன், கேளு."

"நீ எய்தனதா?"

"ஆமா."

"அதுக்கு அந்தப் பாம்பே பரவால்ல மே. உன் கதைல ஒண்ணுமே நடக்காது."

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது, என்ன செய்ய.

அந்தக் கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். களத்தை வர்ணித்தேன், கண் சொருகியது. நாயகியின் மனசை விளக்கினேன், கொட்டாவி விட்டான். சிக்கலுக்கு வருவதற்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன். என் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். சின்ன வயதில் எங்கள் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியின் கதை. பதற்றத்தில் கன்றுக்குட்டி என்பதற்குப் பதிலாக எருமை என்றுவிட்டேன்.

"எரும இல்ல, கன்னுகுட்டி" என்றான், கண்ணைத் திறந்து.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னேன். கயிறு கட்டி இறங்கியது அப்பா என்றேன். "நான்தான் எறங்கனேன்." அன்றைக்கு நல்ல மழை என்றேன். "கெணத்துல முட்டிக்காலு தண்ணிகூட இல்ல, இன்னா மழ?" கன்று செத்துப்போனது என்றேன். "சாவல. மறுநாளே ஓடுச்சு." நான் பாடம் நடத்திய இத்தனை வருடத்தில் ஒரு கதை ஒருவனை இப்படிப் பிடித்து நிறுத்திப் பார்த்ததில்லை. பொய்யைத் திருத்துவதற்காகவாவது மனிதன் விழித்திருப்பான் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

திருமுக்கூடல் பாலத்தில் ஏறும்போது அவன் பேச்சு குழறத் தொடங்கியது. அப்புறம் பேச்சே இல்லை. நான் தப்பாகச் சொன்னால் ஆள்காட்டி விரலை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்தான். நான் இன்னும் பெரிய பொய்யாகச் சொன்னேன். கிணறே நம்முடையது இல்லை என்றேன். கன்றைத் தூக்கியது நான் ஒருத்திதான் என்றேன். விரல் அசையவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவனுடைய இமைகள் இரண்டும் விழுந்து கிடந்தன. கிள்ளினேன். கன்னத்தில் அறைந்தேன், பலமாகத்தான் அறைந்தேன். "தூங்காதடா" என்று வாழ்நாளில் முதல்முறையாக அவனை டா போட்டேன். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். நின்றிருந்த வண்டியின் எஞ்சின் அதிர்வில் எனக்கு மூச்சு தட்டுப்படவில்லை. சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கதையை நிறுத்திவிட்டேன்.

அவன் தலையை விட மனசில்லாமல், போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு அண்ணியை அழைத்தேன்.

"அண்ணி, பாம்பு கட்ச்சிட்சு. அண்ணன் போயிடுச்சு அண்ணி."

"இன்னா சொல்ற நீ? காலைல கூட பேசுச்சே. நெசமாவா?"

"நெசம்தான் அண்ணி" என்றேன்.

மாமா மட்டும் நம்பவில்லை. "அத டாக்டரு சொல்லட்டும்" என்று கேட் திறந்ததும் பறந்தார். ஆஸ்பத்திரியில் மருத்துவர் இமையை விரலால் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். உடனே தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு மெஷினில் மாட்டினார்கள். விஷமுறிவு மருந்து ஏறியது. "அவர் தூங்கவே இல்லைம்மா" என்றார் மருத்துவர். "விஷம் இமையையும் தசையையும் முடக்கியிருக்கு. காது கேக்கும். பக்கத்துல பாத்துப் பேசுங்க."

உயிர் இருக்கிறது என்று மறுபடியும் அழைத்துச் சொன்னபோது அண்ணி நம்பவில்லை. நேரில் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். பாதிக் கஞ்சி போனதும் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"வண்டில நான் பேசுனது கேட்டுச்சாண்ணா?"

"எல்லாம் கேட்டுச்சு." குரல் கரகரத்தது. "நீ அட்ச்சதும் தெரிஞ்சுது. கண்ணத் தொறக்கணும்னு பாக்கறேன், தொறக்கல. கத்தணும்னு பாக்கறேன், வாயி வரல. அப்பக்கூட பயமில்ல. நீ பேசிக்கினு கீற, அப்போ நான் உசுரோட கீறேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசமாவான்னு அவ கேட்டா. நெசம்தான்னு நீ சொன்ன. நானும் நம்பிட்டேன் மே."