முழங்கை ஆழம்

கிருஷ்ணமூர்த்தி சாருக்கு வயிற்றில் புண். பாதி வேலையால் வந்தது, மீதி என் ஜீப்பில் குலுங்கியே வந்தது. வானொலியில் உழவர் நிகழ்ச்சி தயாரிப்பவர் அவர். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நிகழ்ச்சி வந்தாக வேண்டும். ஒருநாள் முடிந்த கையோடு மறுநாள் கவலையை எடுத்துக்கொள்வார். டிரைவரான எனக்கு ரோட்டுக் கவலை மட்டும்தான்.

வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். தூக்கம் இல்லை. "லாரிச் சத்தம் கனமா இருக்கு, சுண்ணாம்புக்கல் ஏத்திட்டுப் போறான். அரியலூர் வந்துருச்சா பிச்சைமுத்து?" என்பார். வந்திருக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் செந்துறைப் பக்கம் ஓர் ஊருக்குப் போனோம். செல்வம்மாள் என்று ஓர் அம்மா. காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர், முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய அரை ஏக்கரில் கடலை போட்டிருந்தார். கம்பளிப்பூச்சி சுற்றுக் காடுகளை மொட்டையடித்தபோது, தன் காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, ஊர்ந்து வந்த பூச்சியெல்லாம் அதில் விழும்படி செய்து கொன்றிருக்கிறார். சார் மைக்கை நீட்டினார்.

"பள்ளம் எவ்வளவு ஆழம்மா?"

அந்த அம்மா முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

"வாயால சொல்லுங்கம்மா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எத்தனை ஆளு வெட்டுனீங்க?"

ஒரு விரலைக் காட்டினார். நாத்தனார் மலர்கொடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மைக்கு என்னா கடிக்கவா போவுது? ஊரையே ஏசுற வாயி இப்ப எங்க போச்சு அண்ணி?"

இரக்கப்பட்டு சார் வாக்குக் கொடுத்துவிட்டார். "வியாழக்கிழமை எல்லாரும் கேளுங்க. இவங்க பேச்சு வரும்."

புதன்கிழமை மேலதிகாரி பதிவு நாடாவைப் போட்டுக் கேட்டார். "பாதிக்கு மேல சத்தமே இல்ல. வேற ஏதாவது போடுய்யா" என்று சொல்லிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிளேடால் வெட்டி ஒட்டினால் நாலு நிமிஷம்கூடத் தேறாது.

வியாழன் மதியம் சார் நாடா மிஷினைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். "செந்துறைக்கு வண்டிய எடு."

"இன்னிக்கு டூர் இல்லையே சார்?"

"அந்தம்மா ஊரைக் கூட்டி வச்சிருக்கும்யா."

அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. பெரம்பலூர் தாண்டியதும் தனக்குத்தானே பேசுவதுபோல, "இருவது வருஷமா ஊரூராப் போயி பேச்ச வாங்கிட்டு வரேன். திருப்பிக் கொடுக்கன்னு ஒரு ஊருக்கும் போனதில்ல" என்றார்.

பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாய்க்கடியில் நாற்பது பேர் இருந்தார்கள். செல்வம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தார். சார் இறங்கி நேராக அவரிடமே போனார்.

"இன்னிக்கு வராதும்மா. தப்பு என்னோடது. அன்னிக்கு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது."

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல அண்ணி, நீங்க வாயே தொறக்கலன்னு" என்று மலர்கொடி ஆரம்பித்தார். செல்வம்மாள் தலை கவிழ்ந்துவிட்டது.

சார் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். மிஷினை ஜீப்பின் முன்மூடிமேல் வைத்து ஓடவிட்டார்.

"பள்ளம் எவ்வளவு ஆழம்மா?" என்று சார் குரல் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை, நாடா மட்டும் சுற்றியது.

"முழங்கை ஆழம்!" பின்னாலிருந்து ராசாங்கம் என்ற பெரியவர் கத்தினார். கூட்டமே சிரித்தது.

"எத்தனை ஆளு வெட்டுனீங்க?"

"ஒத்த ஆளு! ஒத்தப் பொம்பள!" இதைச் சொன்னது மலர்கொடி.

அடுத்த கேள்வி வந்தது. "எல்லாம் போயிடுமோன்னு பயமா இல்லீங்களா?"

இதற்கு ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

"இருந்துச்சுங்க" என்றார் செல்வம்மாள். "அடுத்தவங்க காட்டுல பூச்சி உழுந்தா, கூலி போச்சுன்னு வூட்டுக்குப் போயிருவேன். இது என் காடு. உட்டுட்டு வூட்டுக்குப் போவ முடியல."

சார் மிஷினை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "கடைசியா சொன்னாங்களே, அதை ரிகார்டு பண்ணியிருக்கலாமே சார்?"

"வேணாம்யா. அது அவங்க ஊருக்குச் சொன்னது."

அரியலூர் கல் லாரிகள் எதிரே வந்தபோது, எந்த ஊர் என்று கேட்பாரென்று பார்த்தேன். நிஜமாகவே தூங்கியிருந்தார். குலுங்காமல் ஓட்டினேன்.