ஜாஹிதா பேகத்தின் ரெட்டை லென்ஸ் கேமரா

கரீம் சவுதிக்கு வேலைக்குப் போனபோது செஞ்சி கடைத்தெருவில் இருந்த தன் போட்டோ ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுத்தான் போனார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஜாஹிதா பேகம் அதைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருட்டறையில் படம் கழுவியவள் அவள்தான். கேமராவை மட்டும் தொட்டதில்லை.

"இன்னா அண்ணி, பொம்பள கையில கேமரா நிக்குமா? நடுங்கும்," என்றான் கொழுந்தன் நூருல்லா. அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

கேமரா பழசு. மேலும் கீழுமாக ரெண்டு லென்ஸ். குனிந்து, மேல்கண்ணாடியில் பார்த்து எடுக்க வேண்டும். ஃப்ளாஷைக் கரீமின் பயணச் செலவுக்கு விற்றாகிவிட்டது. அதனால் வீட்டுக்குள் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தை நம்பி, ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து எடுப்பாள். ஆண்கள் நுழையாத மணப்பெண் அறைகளுக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எண்பத்தஞ்சு தை மாதம், பக்கத்துத் தெரு மெஹபூப் பீயின் மகள் முன்னிக்குக் கல்யாணம். பனி விலகாத காலையில் போய், மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த முன்னியை ஸ்டாண்டு போட்டு எடுத்தாள். கழுவிப் பார்த்தால் அத்தனையும் கலங்கல். மூக்கும் கண்ணும் ஒன்றோடொன்று இழுபட்டுக் கிடந்தன.

மெஹபூப் பீ படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பொண்ணு அவலூர்பேட்டைக்குப் போயிட்டா. எனக்கு இதுதான் மிச்சமா, ஜாஹிதா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பொத்தானை அழுத்தும்போது கை ஆடியிருக்கும் என்றே ஜாஹிதா நம்பினாள். ரெண்டு நாள் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. படம் கலங்கியிருந்தது மட்டுமில்லை, நெகட்டிவ் கரியாகக் கறுத்தும் இருந்தது. கை நடுங்கினால் படம் கலங்கும், கறுக்காது. கறுத்தது என்றால் வெளிச்சம் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. ஷட்டர் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை, அதற்குள் முன்னி அசைந்திருக்கிறாள்.

ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். வேகமாக வைத்தால் சட்டென்று திறந்து மூடியது. வெயிலில் எடுத்த படங்கள் கெடாததற்குக் காரணம் புரிந்தது. மெதுவான வேகத்துக்குத் திருப்பினாள். திறந்த தகடுகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல நின்று நின்று மூடின. மத்தியானம் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அழுத்தினால் பரவாயில்லை. உள்ளே எங்கேயோ பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது, குளிருக்கு இன்னும் இறுகுகிறது. அவள் தன் கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் அரிகிருஷ்ணனிடம் கொண்டுபோனாள்.

"கேமராவ நான் தொறந்ததே இல்ல தங்கச்சி."

"நானும்தாண்ணே. எந்த வேகத்துல ஒட்டுதுன்னு நான் சொல்றேன். நீங்க பல்சக்கரத்தப் பாருங்க."

முன்தகட்டைக் கழற்றினார்கள். குட்டிப் பல்சக்கரங்களில் பிசின் மாதிரி ஒரு பழுப்பு. வெள்ளைப் பெட்ரோலைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். கடைசியில் கடிகாரத்துக்கு விடுவது போல ஒரு சொட்டு எண்ணெயும் விட்டார். அன்றைக்கு ஷட்டர் நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் அழுத்தினால் அசையவே இல்லை. எண்ணெய் கசிந்து தகடுகளை ஒட்டவைத்துவிட்டது.

அரிகிருஷ்ணன் முகம் செத்துப்போனது. "நான் கெடுத்துட்டேன்," என்றார்.

"வேணாம்னு எனக்கும் தோணலையே. திரும்பத் தொறங்கண்ணே. இந்தத் தடவ எண்ணெயே வேணாம்."

மறுபடி கழுவி, அப்படியே காயவிட்டு மூட்டினார்கள். ரெண்டு நாள் காலைக் குளிரிலும் சோதித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெஹபூப் பீயையும் கூட்டிக்கொண்டு அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினாள். பட்டுப்புடவையை எடுக்கட்டுமா என்று மாமியார் கேட்க, முன்னி வேண்டாம் என்றுவிட்டாள். "அன்னிக்கு அம்மா அடுப்படிய வுட்டு வெளிய வரவே இல்ல. ஒரு போட்டோலயும் இல்ல. இப்ப அம்மாவோட எடுங்க அக்கா, போதும்."

ஜன்னலோரம் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மெஹபூப் பீ முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "மூச்சப் புடிச்சிக்கோங்க," என்று ஜாஹிதா அழுத்தினாள். படத்தில் முன்னியின் சாதாரண நூல்புடவைக் கட்டமும், அம்மாவின் கன்னத்து மச்சமும் தனித்தனியாகத் தெரிந்தன.

மெஹபூப் பீ கொண்டுவந்து காட்டிய கலங்கிய கல்யாணப் படங்களை முன்னி திருப்பித் தரவில்லை. "இருக்கட்டும் அக்கா. பாத்தா அன்னிக்கு எனக்கிருந்த படபடப்பு மாதிரியே இருக்குது," என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும், ஃபிலிம் போடுமுன் எல்லா வேகத்திலும் ஒருமுறை ஷட்டரை அழுத்தி, காதருகே வைத்துக் கேட்பது ஜாஹிதாவின் வழக்கமாயிற்று. மணப்பெண்கள் பொறுமையிழந்து பார்த்தாலும் அதை அவள் விடவில்லை.