செவ்வாய், சனி காலைகளின் நீர்மட்டம்

மோங்கு நகரத்திலிருந்து தோணியில் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் வரும் மேட்டு ஊரில் நலிஷேபோவுக்குத் 'தண்ணீரின் மாமியார்' என்று பட்டப்பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவளுக்கு அதில் பெருமைதான். பதினான்கு வருஷமாக, விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, சாம்பேசி ஆற்றங்கரையில் இறங்கி, நீரில் நட்டிருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து ஏட்டில் எழுதுவாள். அலையடித்தால் மேலே தொடுவதையும் கீழே தொடுவதையும் பார்த்து நடுவை எடுப்பாள். முதலை கிடந்தால் கல்லெறிந்து விரட்டிவிட்டு எடுப்பாள். மலேரியாவில் விழுந்த நான்கு நாளுக்குக் கட்டங்களைக் காலியாகவே விட்டு, ஓரத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினாள்.

"சும்மா ஒரு நம்பரப் போட்டுட்டுப் போயேன்க்கா, யாரு கேக்கப்போறா?" என்றாள் பக்கத்து வீட்டு லிகாண்டோ.

"தண்ணி கேக்கும்டி. உன் மீனு தராசு மாதிரின்னு நெனச்சியா என் ஏட்ட?"

லிகாண்டோவுக்குக் கோபமே வராது. இருவரும் செவ்வாயும் சனியும் கருவாட்டுக் கூடையோடு விடியுமுன் சந்தைக்குத் தோணி ஏறுகிறவர்கள். அந்த இரண்டு காலைகளில் மட்டும் ஏடு முயுண்டாவின் கைக்குப் போகும். நலிஷேபோவின் புருஷன். கூடையைத் துறை வரைக்கும் தானே தூக்கிவந்து, அவளைத் தோணியில் ஏற்றிவிட்டு, ஏட்டை இடுக்கிக்கொண்டு அளவுப் பலகை இருக்கும் பக்கம் நடப்பான். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று ஊர்ப்பெண்கள் சொல்லும்போது நலிஷேபோ அடக்கமாகச் சிரித்துக்கொள்வாள்.

வெள்ளம் வடிந்த மாதமொன்றில் நீர் அலுவலகத்திலிருந்து சூல்வே வந்தான். தெற்கத்திப் பையன், கைதட்டி வணங்கும் நம் வழக்கத்தைக் கொஞ்சம் கோணலாகச் செய்தாலும் மரியாதை தெரிந்தவன். மாமரத்தடியில் பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான்.

"அம்மா, துறையில குழாய்க்குள்ள ஒரு மிஷின் வெச்சோமில்ல, அது அஞ்சு வருஷமா தானா அளவெடுக்குது. ஆனா பாட்டரி செத்துடுது, சேறு அடைச்சுக்குது. மாசக்கணக்குல ஓட்டை ஓட்டையா கெடக்கு. அந்த ஓட்டையெல்லாம் உங்க ஏட்ட வெச்சு அடைக்கலாம்னு வந்தேன்."

"தாராளமா அடைச்சுக்கோ. அதுக்குத்தானே எழுதறேன்."

"அதுக்கு முன்னாடி, ரெண்டு கணக்கும் இருக்கற நாளையெல்லாம் ஒத்துப் பாத்தேம்மா." திரையை அவள் பக்கம் திருப்பினான். மிஷினின் நீலக்கோடும் அவளுடைய சிவப்புக்கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. ஆனால் சிவப்பில் மட்டும் ரம்பப் பல் போல வரிசையாக முளைத்திருந்தது. "தண்ணி எறங்கும்போதுகூட உங்க கோடு திடீர்னு ஏறுது. எது பாத்து எழுதினது, எது பாக்காம எழுதினதுன்னு பிரிக்க முடியலைன்னா பதினாலு வருஷ ஏட்டையும் மொத்தமா ஒதுக்கிடச் சொல்லிட்டாங்க."

பதினான்கு வருஷம். நலிஷேபோ ஏட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, கடைசிச் சில மாதத்துப் பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பல்லுக்கும் நேரே ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமைக் காலை. ஒவ்வொன்றும் முயுண்டாவின் சாய்ந்த எழுத்து. அந்த எண்கள் முன்பே அவள் கண்ணில் படாமலில்லை. புருஷன் பார்த்து எழுதியதாயிற்றே, இரவில் ஏறி இறங்கியிருக்கும் என்று நம்பிவிட்டிருந்தாள்.

முயுண்டா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் தலைகூட நிமிரவில்லை.

"தூங்கிட்டேன்டி. முந்தின சாயங்கால நம்பரோட ரெண்டு கூட்டிப் போட்டேன். ரெண்டு சென்டிமீட்டர்ல ஊரா முழுகிடப் போவுது?"

"தூங்கிட்டியா? எல்லா நாளுமா?"

"ஆத்தக் கட்டிக்கிட்டவ நீ. நான் இல்ல."

திட்டித் தீர்த்தாள். மனதுக்குள் பாதி மன்னித்தும் விட்டாள். சோம்பேறிப் புருஷனோடு காலம் தள்ளாத பெண் எங்கே இருக்கிறாள்? ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. சந்தை நாளில் அவளுக்கு முன்னால் எழுந்து கூடை கட்டுகிறவன் அவன்தானே? எழுந்து துறை வரைக்கும் வந்தவன் எங்கே போய்த் தூங்கினான்?

அடுத்த செவ்வாய், தோணியில், லிகாண்டோவிடம் புலம்பத்தான் புலம்பினாள். "தூங்கிட்டானாம்டி, கேட்டியா கூத்த."

லிகாண்டோவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "தூங்கினான், தூங்கினான். பாய் யாருதுன்னு கேட்டியா?" சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருது?"

"விடுக்கா."

"யாருதுடி?"

"துறைக்குப் பின்னால தைக்கிறாளே, இனோங்கே." லிகாண்டோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சோம்க்கா. தெரிஞ்சும் பேசாம இருக்கேன்னு."

"எத்தன நாளா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஏடா வெச்சிருக்கேன்?"

நெனச்சோம் என்றாளே, அந்தப் பன்மைதான் நலிஷேபோவைக் குத்தியது. ஊரே சேர்ந்து நினைத்திருக்கிறது. வாரம் இரண்டுமுறை தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, அவள் கொடுத்த கிழங்கைத் தின்று சிரித்தவளும் நினைத்திருக்கிறாள். என்ன மனுஷி இவள்! அன்று நலிஷேபோ கருவாடு முழுவதையும் விற்றுவிட்டுத்தான் திரும்பினாள். திரும்பும்போது தோணியின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, வேலை முடியாமல் ஊரிலேயே தங்கியிருந்த சூல்வேயின் முன்னால் ஏட்டை விரித்தாள். "சிவப்புப் பென்சில் குடு. நான் பிரிச்சுத் தரேன்."

பொய்யான எண் ஒவ்வொன்றையும் அடித்து, பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதவேண்டும், அதுதான் முறை. கடைசிச் சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி ஆரம்பித்தாள். முதல் காரணத்தைப் படித்ததும் சூல்வே நெளிந்தான். 'எழுதியவர் ஆற்றுக்குப் போகவில்லை. இனோங்கே வீட்டில் இருந்தார்.'

"அம்மா, அவ்வளவு வேணாம். 'பாக்கல'ன்னு போட்டாப் போதும். இது மேலிடம் வரைக்கும் போற ஏடு."

"காரணம்னுதானே போட்டிருக்கு? காரணம் இதுதான்."

"மத்ததுக்காவது 'மேற்படி'ன்னு போடுங்களேன்."

"மாட்டேன்."

வெயில் நகர நகர எழுதினாள். அவள் தேதியைச் சொல்வாள், அவன் மிஷின் கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவான். ஒரு வருஷம், இரண்டு வருஷம். மூன்றாவது வருஷத்து மழைக்காலத்தில் சூல்வே கையைத் தூக்கினான்.

"நில்லுங்கம்மா. இதுவும் அவரு எழுத்துதான், ஆனா மிஷினோட ஒத்துப்போவுது. இதுக்கு முன்னாடி அவரு எழுதினது எல்லாமே சரியாத்தான் இருக்கு. அப்போ மொதப் பொய் இதுக்கு அடுத்த காலை, நீங்க அடிக்காம தாண்டி வந்தது. மூணு மீட்டர் இருபத்தாறுன்னு எழுதியிருக்காரு. மிஷின்ல முப்பத்தஞ்சு."

நலிஷேபோ தேதியைப் பார்த்தாள். அது செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை.

அவள் அம்மா செத்த மூன்றாம் நாள். ஒன்பது நாள் அவள் அம்மாவின் ஊரில் துக்க வீட்டில் கிடந்தாள். இங்கே காலையும் மாலையும் முயுண்டாதான் ஏட்டைப் பார்த்தான். அந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவன் தோணியில் வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே உட்கார்ந்தான். அழுது வீங்கிய முகத்தோடு, பழக்கதோஷத்தில், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். "மூணு இருபத்தாறு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நீ நல்லா அழு. தண்ணிய நான் பாத்துக்கறேன்." உலகத்தில் தனக்கென்று ஒருவன் மிச்சமிருக்கிறான் என்று அந்த நிமிஷம் அவள் நினைத்தாள். அந்த நினைப்பில்தான் அந்த ஒன்பது நாளைக் கடந்தாள்.

"தம்பி," என்றாள். "மிஷினும் தப்பு பண்ணுமில்ல? சேறு அடைக்கும்னு சொன்னியே. இந்த ஒரு நாள் மட்டும் அது தப்பா இருக்கலாமில்ல?"

சூல்வே நெடுநேரம் திரையைப் பார்த்தான். முந்தின நாளைப் பார்த்தான், பிந்தின நாளைப் பார்த்தான், மேல்நதி மழைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தான்.

"இல்லம்மா," என்றான். "அன்னைக்கு மிஷின் சரியாத்தான் இருந்துச்சு."

அவள் அந்த இருபத்தாறை அடித்தாள். காரணக் கட்டத்தில் பென்சிலை வைத்தாள். மூன்று வருஷத்துக்கு எழுதிய கை, அந்த ஒரு வரியை எழுத முடியாமல் நின்றது.